குடும்ப குரூப்பில்: 20,000 ரூபாய்க்குள் ரைடிங் ஜாக்கெட், பேண்ட்

சனி, காலை 8:12
அருண்: மாமா, ஹெல்மெட் வாங்கியாச்சு. அடுத்த மாசம் சென்னையில இருந்து பைக்ல கொல்லிமலை போறோம். ஜாக்கெட், பேண்ட், கிளவுஸ், ஷூ நாலுக்கும் சேர்த்து 20,000 தான் இருக்கு. ஒரு கடையில ஜாக்கெட்டும் பேண்ட்டும் செட்டா 6,500ன்னு சொல்றாங்க. "சி.இ. சர்டிஃபைடு"ன்னு எழுதியிருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க.

8:20
முத்து மாமா: டேக்கைப் பெருசாக்கிப் பாரு அருண். "சி.இ. ஆர்மர்"னு தான் போட்டிருக்கு. சி.இ.-ங்கிறது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிக்கு ஒத்து வருதுன்னு போடுற குறி, ஆர்மர்னா பேடு. உள்ளே சொருகின பேடுக்குத் தான் அந்தச் சான்று. ஜாக்கெட்டோட துணிக்கும் தையலுக்கும் இல்ல. நிறைய பேர் ஏமாறுறது இந்த ஒரு இடத்துல தான்.

8:23
முத்து மாமா: ஜாக்கெட்டுக்கான ஐரோப்பிய ஸ்டாண்டர்டு இ.என். 17092. உள்பக்கம் தைச்ச லேபிள்ல அந்த நம்பரும், பைக் ஓட்டுற ஆள் படமும், கூடவே ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி இதுல ஒண்ணும் இருக்கணும். நெடுஞ்சாலைக்கு ஏஏ வாங்கு. தோள், முழங்கை மாதிரி முதல்ல தரையில உரசுற இடத்தை ஏஏ-வுக்கு சுமார் 70 கி.மீ. வேகத்துக்குச் சமமா தேய்ச்சுச் சோதிக்கிறாங்க. ஏ-வுக்கு 45, ஏஏஏ-வுக்கு 120. ஏ ஊருக்குள்ள ஓட்டப் போதும். பி-ன்னா பேடே இருக்காது. சி பேடைத் தாங்குற வலைச் சட்டை மட்டும், உரசலுக்குத் தாங்காது.

8:31
மீனா அத்தை: ஏன்ப்பா, கனமான ஜீன்ஸ் போட்டுட்டுப் போனா ஆகாதா? இவ்ளோ செலவு பண்ணணுமா?

8:34
பிரபு அண்ணன்: சாதாரண ஜீன்ஸ் தார் ரோட்டுல வழுக்கும்போது ஒரு நொடிகூடத் தாங்காது அத்தை. அடுத்து தோல் தான். வயித்துல கொழுப்பு இருக்கு, முட்டியில எலும்புக்கு மேல தோல் மட்டும் தான்.

8:36
மீனா அத்தை: அப்போ பேண்ட்டையும் வாங்கிடு அருண். அத்தை ஒரு 2,000 போட்டுக்கறேன்.

8:52
செல்வி அக்கா: திருப்பூர்ல துணி செக்கிங் பார்க்கிறவ சொல்றேன், கடையில ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாரு. லைனிங் ஜிப் இருந்தா திறந்து கையை விடு. தோள், முழங்கை, பேண்ட்ல பின்பக்கம், இந்த மூணு தையலையும் ரெண்டு கட்டைவிரலால எதிரெதிரா இழு. நடுவுல நூல் பல்லைக் காட்டினா வேண்டாம். விழுந்தா துணி கிழியறதுக்கு முன்னாடி பல சமயம் தையல் தான் வாயைத் திறக்கும்.

8:55
செல்வி அக்கா: வெளியே ஒரே வரிசைத் தையல் மட்டும் இருந்தா, அந்த நூல் தேய்ஞ்சதும் முழு ஓரமும் பிரிஞ்சிடும். மடிச்சுத் தைச்சு, ஒரு வரிசை மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கணும். அது தரையைத் தொடாது.

8:57
அருண்: 600 டினியர்னு பெருமையா சொல்றாங்களே அக்கா?

9:03
செல்வி அக்கா: டினியர்ங்கிறது நூலோட பருமன் தான். 9,000 மீட்டர் நூல் 600 கிராம் எடை இருந்தா 600 டினியர். ஸ்கூல் பையும் 600 டினியர் பாலியஸ்டர்ல தைக்கிறாங்க. 500 டினியர் கார்டுரா நைலான் அதை விட நல்லா உரசலைத் தாங்கும். நம்பரை மட்டும் பார்க்காதே, என்ன நூல்னு கேளு.

9:10
பிரபு அண்ணன்: சென்னை வெயிலுக்கு மெஷ், அதாவது காத்துப் போற வலைத்துணி தான். ஆனா மெஷ் நெஞ்சுலயும் கையோட உள்பக்கத்துலயும் தான் இருக்கணும். தோள்லயும் முழங்கை வெளிப்பக்கத்துலயும் மெஷ் வச்சிருந்தா அந்த ஜாக்கெட்டை வச்சிட்டு வந்துடு.

9:24
முத்து மாமா: இப்போ பேடு. ஒண்ணை உருவிப் பாரு. இ.என். 1621-1ன்னு அச்சு இருக்கணும், பக்கத்துல 1 இல்லன்னா 2. 5 கிலோ எடையை சுமார் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து அது மேல போட்டு, கீழ எவ்வளவு விசை வருதுன்னு கிலோ நியூட்டன்ல அளக்கிறாங்க, குறைவா வந்தா நல்லது. லெவல் 1-ன்னா சராசரி 35 கிலோ நியூட்டனுக்குள்ள, லெவல் 2-ன்னா 20-க்குள்ள. கூடவே ஒரு எழுத்தும் இருக்கும்: எஸ் தோளுக்கு, இ முழங்கைக்கு, கே முட்டிக்கு, எச் இடுப்புக்கு.

9:27
முத்து மாமா: நம்ம ஊருக்கு முக்கியமானது "டி+"ங்கிற குறி. மெத்து மெத்துன்னு இருக்கிற பேடு சூட்டுல இன்னும் இளகிடும். டி+ இருந்தா 40 டிகிரியில வச்சும் சோதிச்சிருக்காங்கன்னு அர்த்தம். மே மாசம் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது ஜாக்கெட்டுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு யோசிச்சுப் பாரு.

9:30
அருண்: முதுகுல ஒரு பேடு இருக்கு மாமா. கறுப்பா, லேசா இருக்கு.

9:33
முத்து மாமா: நம்பர் எதுவும் இல்லன்னா அது வெறும் ஸ்பாஞ்ச். விலை குறைஞ்ச ஜாக்கெட்ல முதுகுக்கு அதைத் தான் வைக்கிறாங்க. முதுகுக்குத் தனி ஸ்டாண்டர்டு, இ.என். 1621-2. லெவல் 1-க்கு 18 கிலோ நியூட்டன், லெவல் 2-க்கு 9. ஸ்பாஞ்சை நியூஸ் பேப்பர் மேல வச்சு வரைஞ்சு வெட்டி எடுத்துட்டுப் போ. அந்த அளவுக்குப் பொருந்துற லெவல் 2 பேடு கேளு. பேடு சொருகுற பையை விடச் சின்னதா வாங்கினா உள்ளே நழுவும்.

9:41
செல்வி அக்கா: நிறைய பேண்ட்ல இடுப்புப் பேடு போடப் பை இருக்கும், பேடு இருக்காது. விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளு.

10:05
பிரபு அண்ணன்: அளவு பார்க்கிற விதம் சொல்றேன். நின்னுக்கிட்டுக் கண்ணாடியில பார்த்தா தப்பாயிடும். உன் வண்டியிலயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடி. கை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. ஒருத்தரை முழங்கைப் பேடைப் பிடிச்சுச் சுத்திப் பார்க்கச் சொல்லு. எலும்பை விட்டுச் சுழன்று போச்சுன்னா, விழும்போதும் அப்படித் தான் போகும். கையில இறுக்குற பட்டி இருந்தா இறுக்கிட்டு மறுபடி பாரு. "கொஞ்சம் லூசா இருக்கட்டும், காத்தோட்டமா இருக்கும்"னு கடைக்காரர் சொல்வார். கேட்காதே.

10:08
பிரபு அண்ணன்: உட்கார்ந்தா பேண்ட் மேல ஏறும், முட்டிப் பேடும் கூடவே ஏறும். அதனால நிக்கும்போது பேடு முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழ இறங்கி இருக்கணும். பேண்ட் நீளமும் ரெண்டு விரல் கூட வேணும்.

10:15
முத்து மாமா: ஜாக்கெட்டையும் பேண்ட்டையும் சேர்க்கிற ஜிப் உண்டு. வழுக்கும்போது ஜாக்கெட் மேல சுருண்டு முதுகு தெரியாம இருக்க அது தான். கம்பெனி மாறினா ஜிப் பெரும்பாலும் சேராது. ஒரே கம்பெனியில எடு. ரைனாக்ஸ், வியாடெரா, சோலஸ், ரைடா எல்லாம் நம்ம நாட்டுக் கம்பெனி தான், உடம்பு அளவும் ஒத்து வரும். ஆனா பேரைப் பார்த்து வாங்காதே. எந்த மாடலா இருந்தாலும் லேபிளைப் பாரு.

10:18
அருண்: கிளவுஸ்?

10:22
பிரபு அண்ணன்: விழுறப்போ எல்லாரும் கையைத் தான் ஊன்றுவோம். உள்ளங்கை ரோட்டுல பிடிச்சுக்கிட்டா மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரலுக்கு அடியில உள்ள சின்ன எலும்பு உடையும். அந்த இடத்துல வழவழன்னு பிளாஸ்டிக் வில்லை வச்ச கிளவுஸா பாரு. பட்டியை இறுக்கிட்டு, விரல் நுனியைப் பிடிச்சு இன்னொருத்தரை இழுக்கச் சொல்லு. கழண்டு வந்தா வேண்டாம். ஸ்டாண்டர்டு இ.என். 13594.

10:26
பிரபு அண்ணன்: ஷூவுக்குக் காசு பத்தலன்னா கணுக்கால் மூடுற கெட்டித் தோல் ஷூ இப்போதைக்குப் போதும். லேஸை உள்ளே சொருகிடு, கியர் லீவர்ல மாட்டும்.

10:40
முத்து மாமா: ஜாக்கெட் 8,000, பேண்ட் 6,500, கிளவுஸ் 2,500, ஷூ 3,000. சரியா 20,000. அத்தை தர்ற 2,000-ல முதுகுப் பேடு. மழைக்கு உள்ளே ஜிப் போட்டு மாட்டுற லைனர் இருக்குன்னு ஜாக்கெட்டுக்கு அதிகக் காசு கொடுக்காதே. வெளித்துணி தண்ணியைக் குடிச்சு கனக்கும், மலை மேல குளிர் எடுக்கும். சாதாரண ரெயின்கோட்டை மேல போட்டுக்கோ.

10:44
மீனா அத்தை: துவைக்கலாமா அதை?

10:47
செல்வி அக்கா: பேடு எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒட்டுற பட்டியை எல்லாம் மூடிட்டு, பச்சைத் தண்ணியில கையால. கம்ஃபோர்ட் ஊத்தாதீங்க, நிழல்ல காயப் போடுங்க.

மாலை 5:18
அருண்: அந்தக் கடைக்கு போன் பண்ணி உள்லேபிள் போட்டோ கேட்டேன். 17092 இல்ல. பேடுல 1621-1, லெவல் 1, டி+ இல்ல. ஜி.பி. ரோட்டுல வேற கடையில ஏஏ மெஷ் 8,400-க்கு இருக்காம், லேபிள் அனுப்பினாங்க. இதோ.

5:31
முத்து மாமா: இது சரி. முதுகு ஸ்பாஞ்ச் தான், எதிர்பார்த்தது தான். 400 கூடுறதைக் கிளவுஸ்ல குறைக்காதே, நான் தர்றேன். செவ்வாய் சாயந்தரம் ஆறு மணிக்கு வர்றேன். உன் வண்டியிலயே வா, உட்கார்ந்து தான் போட்டுப் பார்க்கணும்.