நெட்வொர்க் கார்டு பஃபர் நிரம்பி பாக்கெட் விழுந்த அனுபவம் உண்டா?

கடலோரன், டர்பன்:
இங்கே வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு தரும் சிறு நிறுவனம் ஒன்றின் ரூட்டர் என் பொறுப்பில் இருக்கிறது. லினக்ஸ் சர்வர், இன்டெல் 82599 சிப் வைத்த 10 கிகாபிட் கார்டு. சாயங்காலமானால் பாக்கெட் விழும், அதாவது தரவுத் துண்டுகள் தொலைந்துபோகும். லிங்க் பாதிகூட நிரம்பாது, சிபியு சராசரியும் குறைவுதான். கார்டின் கணக்குகளைக் காட்டும் ஈத்டூல் கருவியில் பார்த்தால் ‘மிஸ்டு’ எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பாக்கெட்டுகள் காத்திருக்கும் கார்டின் சொந்த நினைவகம், அதாவது பஃபர், நிரம்பினால் ஏறும் எண் அது. இந்தச் சிப்பில் உள்வரும் பாக்கெட்டுக்கு 512 கிலோபைட்தான். முழு வேகத்தில் 0.4 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும். அதற்குள் கார்டு பாக்கெட்டை ரேமில் உள்ள ரிங் என்ற சுழல் வரிசைக்குத் தள்ளிவிட வேண்டும்; அதற்கு டிரைவர் அங்கே இடத்தைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். ரிங்கில் வழக்கமாக 512 இடம். அதை 4096 ஆக்கினோம். விழுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

சிபியுவின் ஒவ்வொரு கோராகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கோர் 100 சதவீதத்தில் திணறுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன! வாடிக்கையாளர்கள் வருவது பிபிபிஓஇ வழியாக, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்பும் முறையில். கார்டோ ஐபி முகவரியைப் பார்த்துத்தான் பாக்கெட்டுகளைப் பல வரிசைகளுக்குப் பிரிக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரி அதற்குத் தெரியாது. எல்லாம் ஒரே வரிசையில் போய்ச் சேர்ந்தன, அதைக் கவனிப்பது ஒரே கோர். வீடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் ‘வந்து சேர்ந்தது’ என்று மட்டும் சொல்லும் குட்டி ஏசிகே பாக்கெட்டுகள், எண்ணிக்கைதான் கோரைக் கொல்லும். பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்குப் பங்கிடும் ஆர்பிஎஸ் வசதியை இயக்கி, பிரிக்கும் வேலையை லினக்ஸிடமே கொடுத்தோம். அன்றிரவே எண் நின்றது. கோர் திணறும்போது எவ்வளவு பஃபர் கொடுத்தாலும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஜோபர்க்வாசி, ஜொகன்னஸ்பர்க்:
அண்ணா, 4096-ஐத் திரும்பக் குறைத்தீர்களா? முழு அளவு பாக்கெட்டுகளாக நிரம்பினால் அதுவே 5 மில்லிசெகண்ட் காத்திருப்பு. எங்கள் அலுவலகத்தில் பெரிய பஃபர் ஸ்விட்ச் வாங்கச் சொல்லி ஒரே வற்புறுத்தல். லண்டன் போய்வர 100 மில்லிசெகண்ட் என்று வைத்தாலே, 1994-இல் ஆய்வாளர்கள் வில்லமிசாரும் சாங்கும் சொன்ன பழைய விதிப்படி (லிங்க் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குவது) 10 கிகாபிட்டுக்கு 125 மெகாபைட் வேண்டும். ஆனால் 2004-இல் ஸ்டான்ஃபோர்டின் அப்பென்செல்லர் குழு அதை இணைப்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்று காட்டிவிட்டது. ஒரே நேரத்தில் 10,000 இணைப்பு ஓடினால் 1.25 மெகாபைட்! அந்தக் கணக்கைக் காட்டித்தான் செலவைத் தடுத்தேன்.

கடலோரன்:
1024-க்கு இறக்கிவிட்டேன் தம்பி. ‘மிஸ்டு’ அசையவில்லை. உங்கள் ஸ்விட்சில் நெரிசல் நேரத்து இணைப்பு எண்ணிக்கையை எப்படி எடுத்தீர்கள்? எனக்கும் தேவைப்படுகிறது.