நாட்டுக்கு ஒரு கஷ்டம்னா கூட்டா ஜெபிக்கிறதுல என்ன இருக்கு?

பட்டர்வொர்த் தம்பி: கொரோனாவுக்கு மலேசியால எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டு 2020 மார்ச் 18-லேர்ந்து சர்ச்ச சாத்துனப்ப ராத்திரி சூம்ல நாட்டுக்காக ஜெபிச்சோம், பாதி பேரு மைக்க அடைக்காம குக்கர் விசிலும் சேர்ந்து வரும். இப்ப வாலிபர் கூட்டத்துல ஒரு பையன், "தனியா ஜெபிச்சா ஆண்டவர் கேக்க மாட்டாராண்ணே"ன்னு கேக்குறான். என்ன சொல்றது?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: ரெண்டாம் உலகப் போர்ல பிரான்ஸ் கடலோரம் ஜெர்மன்காரன்கிட்ட மாட்டிக்கிட்ட பிரிட்டிஷ் படையும் கூட்டாளிங்களும் தப்பிச்ச டன்கர்க் கதைய சொல்லுங்க தம்பி. 1940 மே 26 ஞாயிறு, ஆறாம் ஜார்ஜ் ராஜா தேசிய ஜெப நாள் வைக்க சொன்னாரு, அன்னிக்கே மீட்பு ஆரம்பிச்சு ஜூன் 4-க்குள்ள 3,38,000 சிப்பாய்ங்களுக்கு மேல தப்பிச்சாங்க, கடலும் அமைதியா இருந்துச்சு. ஸ்தோத்திரம்!

ஜார்ஜ்டவுன்காரன்: அக்கா கோவிச்சுக்காதீங்க, அவங்க தப்பிக்க நேரம் கெடைக்கிற மாதிரி ஜெர்மன்காரன் டாங்கிய நிறுத்துனது மே 24, ஜெப நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே லா. பசங்க கூகுள் பண்ணி கேப்பானுங்க. எனக்கு பிடிச்சது அப்ப கம்யூனிஸ்ட் ஆட்சில இருந்த கிழக்கு ஜெர்மனியோட லைப்சிக் ஊரு கதை தான். நிக்கோலாய் சர்ச்ல 1982-லேர்ந்து திங்கக்கெழம சமாதான ஜெபம், சில நாள் விரல் விட்டு எண்ற ஆளுங்கதான். 1989 அக்டோபர் 9 அன்னிக்கு உள்ள ஜெபம் முடிஞ்சு வெளிய வந்தா ரோட்டுல ஆட்சிய எதிர்த்து சுமார் 70,000 பேரு, போலீஸ் சுடல, ஒரு மாசத்துல பெர்லின் சுவர் தொறந்துருச்சு. வாரா வாரம் ஒண்ணா முட்டி போட்டவங்களுக்கு பயம் விட்டுப்போச்சு, தனியா ரூம்ல இருந்தா அது வருமா?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா: அந்த பயத்த எடுத்தது யாருங்கறேன் 😄

பட்டர்வொர்த் தம்பி: ரெண்டையும் சொல்றேன், மே 24-யும் சேர்த்தே. நன்றிக்கா, நன்றி பாஸ்.