பொருள்: ‘ஹோல்டிங் ஓவர்’ – தமிழில் என்ன?

வணக்கம். வாடகை ஒப்பந்த மாதிரி ஒன்றில் இதைக் ‘குத்தகை நீட்டிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். நீட்டிப்பு என்றால் இருதரப்பும் பேசி, கெடுவைத் தள்ளிப்போடுவது. இதுவோ 11 மாதக் கெடு முடிந்தும் வாடகைதாரர் காலி செய்யாமலிருக்க, உரிமையாளர் வாடகையை வாங்கியோ வேறு வகையிலோ அதற்கு இசைவது (சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 116). வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வீட்டுக் குத்தகை மாதக் குத்தகையாகத் தொடரும். முடிக்க 106ஆம் பிரிவின்படி 15 நாள் அறிவிப்பு. அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. ‘மிகை இருப்பு’ எனலாமா?

-----

> மிகை இருப்பு

கிடங்குக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது, ஐயா. இசைவு என்ற உயிர்நாடியும் அதில் இல்லை. இசைவு இல்லாவிட்டால் அவர் ‘டெனன்ட் அட் சஃபரன்ஸ்’. கெடு தீர்ந்ததுமே 111(அ)படி குத்தகை முடிந்துவிட்டது. 106 அறிவிப்பே வேண்டாம். ஆக இரண்டு சொல் வேண்டும். ‘இசைவிருப்பு’, ‘இசைவில் இருப்பு’ எப்படி?

-----

> இசைவில் இருப்பு

இது ஆபத்து. ‘இசைவோடு’ என்றும் படிக்கலாம், ‘இசைவு இல்லாத’ என்றும் படிக்கலாம்! சஃபரன்ஸைச் சொல்லுக்குச் சொல் ‘பொறுத்தல்’ என்பதும் வேண்டாம். உரிமையாளர் சம்மதித்தார் என்ற எதிர்ப்பொருள் வந்துவிடும்.

என் பரிந்துரை: 116க்கு ‘இசைவுத் தொடர்வு’, மற்றதற்கு ‘இசைவற்ற தங்கல்’. புதுப்பித்தலும் நீட்டிப்பும் இவற்றோடு கலக்காமல் தனியே நிற்கும்.

வழக்குகள் சிக்குவது பெரும்பாலும் ரசீதில்தான். கெடு முடிந்த பிறகு வந்த பணத்துக்கு ‘ஜூன் மாத வாடகை’ என்று எழுதிக் கொடுத்தால், இசைவுக்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள். ‘பயன்பாட்டு ஈடு, உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றது’ என்று எழுதுவது நல்லது. ஒன்றிய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில், காலி செய்யாதவர் முதல் 2 மாதம் வாடகையைப் போல் இருமடங்கும் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும். அதையும் ‘வாடகை’ என்று மொழிபெயர்க்காதீர்கள், ‘ஈடு’ என்றே வையுங்கள்.

-----

ஒரு திருத்தம். 106 அறிவிப்பைப் பொதுவிதியாக எழுத வேண்டாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியேற்ற அது கட்டாயமில்லை என்று தனபால் செட்டியார் வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டின் 1960 சட்டம் பற்றிய வழக்கு. இப்போது அதன் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் 2017 சட்டம்.

‘இசைவுத் தொடர்வு’க்கு என் வாக்கு. ‘தங்கல்’ மட்டும் விடுதி அறையை நினைவூட்டுகிறது. ‘இசைவற்ற குடியிருப்பு’ என்றால் என்ன?