தூத்துக்குடி அனல் மின் நிலையப் புகையைப் பிடித்துப் பூமிக்குள் இறக்க முடியுமா?

திருமங்கலத்தான்:
காதுகுத்து விருந்தில் மச்சானோடு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். அவருக்குத் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. நிலக்கரியை நிறுத்தவே வேண்டாம், சிம்னி வழியாகப் போகிற கரியமில வாயுவை மட்டும் பிடித்துப் பூமிக்குள் இறக்கிவிட்டால் போதும், வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்கள் என்கிறார். அவ்வளவு புகையிலிருந்து அந்த ஒரு வாயுவை மட்டும் எப்படிப் பிரிப்பார்கள்? அப்புறம், எங்கே இறக்குவது? எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத குழிகள் நிறையக் கிடக்கின்றன, அதில் விட்டால் என்ன என்று சிரிக்காமல் கேட்கிறார் மனுஷன். சோடா பாட்டில் மாதிரி பொங்கி வெளியே வந்துவிடாதா?

பாய்லர் பாண்டி:
பிரிப்பது பெரிய வித்தை இல்லை தம்பி, உர ஆலைகளில் காலங்காலமாக நடக்கிற வேலைதான். நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம் இருக்கும், மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையைக் குளிரவைத்து உயரமான கோபுரம் ஒன்றுக்குள் கீழிருந்து விட்டு, மேலிருந்து அமைன் என்கிற ரசாயனக் கரைசலை இறக்கினால், கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் வாயு கழன்று வந்துவிடும், கரைசல் திரும்ப முதல் கோபுரத்துக்கே போகும்.

வில்லங்கம் அந்தச் சூட்டில்தான். டர்பைனைச் சுற்ற வேண்டிய நீராவியில் ஒரு பங்கை இதற்குத் திருப்ப வேண்டும், பிடித்த வாயுவை அழுத்த கம்ப்ரசருக்கும் கரன்ட் வேண்டும். எல்லாம் சேர்த்தால் நிலையம் தருகிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்குகூட இதற்கே போய்விடும். போதாததற்குப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு அமைனைக் கெடுக்கும், அதை முதலில் எடுத்தாக வேண்டும், நம் நாட்டில் பல நிலையங்களில் அதற்கான வசதியே கிடையாது.

உங்கள் மச்சான் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கிற அளவுக்கு 2016இல் அமைப்பு போட்டு, அதை வைத்து, கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் மூலப்பொருளான சோடா சாம்பல் தயாரித்தது. புதைக்கவில்லை, சரக்காக்கியது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அனல் மின் நிலையத்தின் ஐந்து 210 மெகாவாட் யூனிட்டும் முழு வீச்சில் ஓடினால் மணிக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் டன் கரியமில வாயு வரும். அந்த ஆலை ஒரு வருஷம் முழுக்கப் பிடிக்கிறதை நிலையம் இரண்டரை நாளில் விட்டுவிடும்.

கல்லாங்காடு:
போர் குழிக்கு நான் பதில் சொல்கிறேன், படித்தது புவியியல். மதுரையைச் சுற்றி அடியில் கிடப்பது கடினப் பாறை. அதற்குள் வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், அதனால்தான் ஒரு வீட்டில் வந்து பக்கத்து வீட்டில் வராமல் போகிறது. கரியமில வாயுவைத் தேக்க நுண்துளை உள்ள மணற்கல் வேண்டும், அதன் தலைக்கு மேல் வாயு கசியாத களிப்பாறை மூடி வேண்டும், ஆழமும் 800 மீட்டருக்குக் கீழே, அதாவது 2,600 அடிக்கு மேல் போக வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் வாயு திரவம் போல அடர்ந்து கொஞ்ச இடத்தில் அடங்கும். ஆயிரம் அடியில் விட்டால் வெடிப்பு வழியே அடுத்தவர் கிணற்றில்தான் வந்து நிற்கும்.

நார்வே கடலில் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இப்படிக் கடலடி மணற்கல்லுக்குள் செலுத்தி வந்தார்கள். நேரம் போகப் போக வாயு அங்குள்ள உப்பு நீரில் கரையும், கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும், எனவே சோடா பாட்டில் பயம் நாள்பட நாள்படக் குறையும். எனக்குக் குழாய்தான் அதிகப் பயம். 2020இல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் சட்டார்சியா கிராமத்துப் பக்கம் கரியமில வாயுக் குழாய் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும், மூச்சு அடைக்கும்.

நம் பக்கம் மணற்கல் மாதிரிப் படிவுப் பாறை வேண்டுமென்றால் கிழக்கே ராமநாதபுரம், காவிரிப் படுகைக்குப் போக வேண்டும். எண்ணெய்க் கிணறு என்றாலே ஊர் எதிர்த்துத் திரண்டு நிற்கிற இடம் அது. இதை யார் போய்ச் சொல்வது?

வைகைக்கரை:
இரண்டு பேரும் வெளிநாட்டு மின் நிலையக் கதையைச் சொல்லவில்லையே. கனடாவில் பவுண்டரி டேம் என்கிற நிலக்கரி மின் நிலையத்தில் வாயு பிடிக்கிற வேலை 2014இல் தொடங்கியது, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்றார்கள், பல வருஷம் அந்த அளவைத் தொடவே இல்லை. டெக்சாஸில் பெட்ரா நோவா என்கிற இதே மாதிரித் திட்டம் 2017இல் ஆரம்பித்தது. பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய் வயலுக்குள் செலுத்தி இன்னும் எண்ணெய் எடுப்பதுதான் வருமானம், 2020இல் எண்ணெய் விலை சரிந்ததும் மூடிவிட்டு 2023இல்தான் திரும்பத் திறந்தார்கள். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்.

மின்சாரத்துக்கு மாற்று வழி கண்ணெதிரே இருக்கிறது, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், நியாயம்தான், அதற்குப் பேட்டரியும் காற்றாலையும் வேண்டும். ஆனால் சிமெண்ட் அப்படி இல்லை. விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள், கரிக்குப் பதில் எதை எரித்தாலும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வரும், எடையில் 44 சதவீதம். பிடிக்கிற தொழில்நுட்பத்தை அங்கே செலவழித்தால் அர்த்தம் உண்டு. நார்வேயில் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் தொடங்கிவிட்டார்கள், ஆண்டுக்கு நாலு லட்சம் டன், அந்த ஆலை விடுவதில் பாதி.

திருமங்கலத்தான்:
எல்லோருக்கும் நன்றி. பாண்டி அண்ணே, ஒன்று மட்டும். அந்த சோடா சாம்பலுக்குள் போன வாயு அங்கேயே இருந்துவிடுமா?

பாய்லர் பாண்டி:
எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது தம்பி. கண்ணாடி ஆலைக்குப் போனால் உலையில் உருகும்போது வாயு பிரிந்து திரும்பக் காற்றுக்கே வந்துவிடும்.