கச்சேரி முடிஞ்சு வந்ததுலேர்ந்து காதுல கீ...ன்னு சத்தம், நிக்க மாட்டேங்குது

திண்டுக்கல்_தமிழ்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் அம்மன் கோயில் திருவிழாவுல லைட் மியூசிக் வச்சிருந்தாங்க, விழா கமிட்டியில இருக்கிறதால ஸ்டேஜுக்குப் பக்கத்துலயே நிக்க வேண்டியதா போச்சு, பாக்ஸ் சரியா இடது காது பக்கம். வீட்டுக்கு வந்தப்ப பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி ரெண்டு காதும் மந்தமா இருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் மந்தம் போயிருச்சு ஆனா இடது காதுல கீ...ன்னு பழைய டிவி ஆன் பண்ணா வருமே அந்த சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. ஒரு வாரம் தாண்டிருச்சு. பகல்ல வெளிய இருந்தா தெரியல. நான் குரூப் 4க்கு படிக்கிறேன், லைப்ரரியில போய் உக்காந்தா அது மட்டும்தான் கேக்குது, ஒரு பக்கம் முடிக்க முடியல. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னா அவ்வளவுதான், தூக்கம் போச்சு. நெட்ல தேடினா வாழ்நாள் முழுக்க இருக்கும்னு போட்டிருக்கான், அதைப் படிச்சதுலேர்ந்து நெஞ்சு படபடங்குது. இது போயிருமா? யாருக்காவது இப்படி வந்து சரியாயிருக்கா? வயசு 26, தலை சுத்தல் எதுவும் இல்ல.

மைக்செட்_முருகேசன்:
தம்பி முதல்ல பயப்படாதீங்க. நான் மைக்செட் தொழில்ல ரொம்ப வருஷமா இருக்கேன், எனக்கு ரெண்டு காதுலயும் அந்த சத்தம் இருக்கு, இப்ப இதை டைப் பண்றப்பவும் இருக்கு. ஆனா நீங்க கேட்டதாலதான் அது ஞாபகத்துக்கே வந்துச்சு. ரயில்வே கேட் பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு ராத்திரி வண்டி போறது தெரியாது பாருங்க, அந்த மாதிரி ஆயிரும். எங்க பசங்கள்ல நிறைய பேருக்கு கச்சேரி முடிஞ்ச ராத்திரி வரும், ரெண்டு மூணு நாள்ல போயிரும், சில பேருக்கு மாசக்கணக்குல இழுத்து கொஞ்சம் கொஞ்சமா குறையும். என்னை மாதிரி தங்கிப் போனவனும் வேலை பாக்குறான், தூங்குறான்.

இன்னொரு விஷயம், இப்போதைக்கு ஹெட்ஃபோனைத் தொடாதீங்க. திருவிழா சீசன்ல அடுத்த கச்சேரி வந்துட்டே இருக்கும், கமிட்டிக்காரங்க கூப்பிட்டாலும் பந்தல் வேலை, அன்னதானம்னு வேற பக்கம் வாங்கிக்கோங்க.

காது_பரிசோதகர்:
நான் ஆடியாலஜிஸ்ட்டா வேலை பாக்குறேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மந்தம் மறுநாளே போனது நல்ல அடையாளம். உள் காதுல காக்ளியான்னு நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு, அதுல சத்தத்தை நரம்பு சிக்னலா மாத்துற சுமார் 15,000 முடி செல் இருக்கு. பெரிய சத்தத்துல அதெல்லாம் அசந்து போகும், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தேறிரும், ஆனா செத்துப் போன செல் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. காதுலேர்ந்து வர்ற சிக்னல் குறைஞ்சதும் மூளை தன் பக்கத்து வால்யூமைக் கூட்டிக்கும், அதோட விளைவுதான் இந்த இரைச்சல்னு இப்போ பெரும்பாலானவங்க ஏத்துக்குற விளக்கம். டின்னிடஸ்னு சொல்றது இதைத்தான்.

இருந்தாலும் இந்த வாரமே ஒரு இஎன்டி டாக்டரைப் பாருங்க, ஒரு காதுல மட்டும் இருக்கிறதால கண்டிப்பா பாக்கணும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இஎன்டி வார்டுலயே ஆடியோகிராம் எடுப்பாங்க, எந்த சுருதி எவ்வளவு கேக்குதுன்னு கிராஃபா காட்டுற டெஸ்ட் அது. வழக்கமா 250லேர்ந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் டெஸ்ட் பண்ணுவாங்க, சத்தத்துல அடிபட்ட காதுக்கு பெரும்பாலும் கிராஃப்ல 4000 பக்கத்துல ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அந்த சுருதி மட்டும் கம்மியா கேக்குதுன்னு அர்த்தம். எல்லாம் நார்மல்னு வந்தாலும் இரைச்சல் கற்பனைன்னு அர்த்தம் இல்ல, முடி செல் நல்லா இருந்தும் நரம்போட சேர்ற இணைப்பு மட்டும் அறுந்து போகலாம்னு 2009ல எலிகளை வச்சுப் பண்ண ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், திடீர்னு ஒரு காது கேக்காம போனா, அல்லது இரைச்சலோட தலை சுத்துனா, அல்லது நாடித்துடிப்பு மாதிரி டப் டப்னு கேட்டா காத்திருக்கக் கூடாது. திடீர் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறது முதல் ரெண்டு வாரத்துக்குள்ளன்னாதான் பலன் அதிகம், அடைப்புதான் தானா சரியாயிரும்னு இருந்துட்டு மாசம் கழிச்சு வர்றவங்களைப் பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கும். பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூன்ல தன்னோட காது கேக்காம போனதைப் பத்தி வெளிப்படையா எழுதுனாங்க, அவங்களுக்கு வைரஸ் காரணம்னு சொன்னாங்க, ஆனா சத்தமான பாட்டு, ஹெட்ஃபோன் ரெண்டையும் பத்தி மத்தவங்களை எச்சரிச்சாங்க.

கொங்கு_மண்:
எங்க அப்பத்தா நல்லெண்ணெயில பூண்டு போட்டுக் காய்ச்சி ரெண்டு சொட்டு காதுல விடுவாங்க, எந்தக் காது தொந்தரவுக்கும் கேக்கும்ங்க. முயற்சி பண்ணிப் பாருங்க. மெடிக்கல்ல ஜிங்கோன்னு ஒரு மூலிகை மாத்திரையும் இருக்குங்க.

காது_பரிசோதகர்:
தயவு செஞ்சு எண்ணெய் விடாதீங்க. அடிபட்டது செவிப்பறைக்கு உள்ள, எண்ணெய் அங்க போகவே போகாது, பறையில ஓட்டை இருந்தா சீழ் பிடிச்சு இருக்கிறதும் கெட்டுப் போகும். ஜிங்கோ, ஜிங்க் இதெல்லாம் இரைச்சலுக்கு வேண்டாம்னு அமெரிக்க இஎன்டி சங்கம் 2014லேயே வழிகாட்டி போட்டிருக்கு. வேற எதுக்காவது ஊசி மருந்து போடப் போனாலும் காதுல இரைச்சல் இருக்குன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி சில மருந்து காதைப் பாதிக்கும்.

செல்வி_திருச்சி:
தம்பி, ராத்திரி பத்தி நான் சொல்றேன், எனக்கு அதுதான் பெரிய பாடா இருந்துச்சு. சொந்தக்காரங்க கல்யாணத்துல டிஜே பக்கத்துல உக்காந்திருந்து வந்தது. முழு அமைதியில படுக்காதீங்க. போன்ல மழை சத்தம் போட்டு தலைமாட்டுல வைங்க, கரண்ட் போனாலும் ஓடும். ஆனா கீ சத்தத்தை அமுக்குற அளவுக்கு வைக்கக் கூடாது, மழையும் கேக்கணும், கீ சத்தமும் லேசா கேக்கணும், அப்பதான் மூளை இது ஆபத்து இல்லன்னு பழகும்னு எனக்கு டெஸ்ட் எடுத்த மேடம் சொன்னாங்க.

அப்புறம் காலையில எந்திரிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு இன்னைக்கு எவ்வளவு இருக்குன்னு சோதிக்கிறது இருக்கு பாருங்க, அதை நிறுத்துங்க. நெட்ல தேடுறதையும் நிறுத்துங்க. சரியானவங்க அங்க வந்து எழுத மாட்டாங்க, அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவாங்க. லைப்ரரி வேணாம், ஃபேன் ஓடுற ரூம்லயோ மாடியிலயோ உக்காந்து படிங்க.

காது_பரிசோதகர்:
செல்வி மேடம் சொன்னது முழுக்க சரி. 1953லேயே ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர் காது நல்லா கேக்குற 80 பேரை சத்தமே நுழையாத அறையில உக்கார வச்சாங்க, 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கு. அமைதியில உத்துக் கேட்டா யாருக்கும் வரும். மாசக்கணக்கு ஆகியும் மனசை அரிச்சுதுன்னா சிபிடின்னு ஒரு கவுன்சலிங் முறை இருக்கு, சத்தத்தைக் குறைக்காது, ஆனா அது தர்ற அவஸ்தையைக் குறைக்கும், அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு.

திண்டுக்கல்_தமிழ்:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆடியோகிராம் எடுத்தாச்சு, இடது காதுல 4000ல மட்டும் கொஞ்சம் பள்ளம், 30 டெசிபல்னு இருக்கு, மத்ததெல்லாம் நார்மல். சில வாரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காங்க. சத்தம் இன்னும் இருக்கு, ஆனா மழை சத்தம் வச்சுத் தூங்க முடியுது. இப்ப ஒரே கவலை, அடுத்த மாசம் அக்கா கல்யாணம், ரிசப்ஷனுக்கு செண்டமேளம் புக் பண்ணிட்டாங்க. நான் போகாம இருக்க முடியாது.

காது_பரிசோதகர்:
தாராளமா போங்க, காது பிளக்கோட போங்க. அமெரிக்காவுல நயாஷ்னு (NIOSH) வேலையிட பாதுகாப்பை ஆராயுற அரசு நிறுவனம் தொழிலாளிங்களுக்குப் போட்ட கணக்குப்படி 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம், 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம். பக்கத்துல நின்னா மேளம் அதைச் சாதாரணமா தாண்டும். ஆனா பிளக்கை வீட்டுலயும் ரோட்டுலயும் நாள் முழுக்கப் போட்டுக்காதீங்க, அப்புறம் டம்ளர் கீழ விழுற சத்தம் கூட காதைக் குத்த ஆரம்பிக்கும்.

மைக்செட்_முருகேசன்:
ஃபோம் பிளக் மெடிக்கல்லயே கிடைக்கும் தம்பி, விலை கம்மிதான். நிறைய பேரு அதைச் சும்மா காது வாசல்ல சொருகிட்டு ஒண்ணும் பிரயோஜனம் இல்லங்கிறான். விரல்ல நல்லா உருட்டி குச்சி மாதிரி மெலிசாக்கணும், இடது காதுக்குன்னா வலது கையைத் தலைக்குப் பின்னால கொண்டு போய் காது மடலை மேல இழுத்துப் பிடிச்சுட்டு உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிச்சிருக்கணும். சரியா உக்காந்துச்சுன்னா உங்க குரலே உங்களுக்குத் தொட்டிக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். மேளக்காரங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றாங்கன்னு மண்டபத்துல முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, அவங்க வாசிக்கிறப்ப நீங்க பந்தி பக்கம் போயிரலாம். ரிசப்ஷனுக்கு பாக்ஸும் வைப்பாங்க, எப்பவும் அதுக்குப் பின்னாடி நில்லுங்க, பேஸ் வரும், ஆனா காதைக் குத்துற சத்தம் முன்பக்கம்தான் போகும். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்க வாழ்த்தைச் சொல்லிருங்க.