அறைத்தோழியின் கைத்துப்பாக்கி பொது இழுப்பறையில் இருக்கிறது: மகள் என்ன செய்ய வேண்டும்?

செங்காங் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கடந்த ஆகஸ்டில் மேற்படிப்புக்காக டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகருக்குச் சென்றாள். விடுதியில் இடம் கிடைக்காததால், வெளியே நான்கு படுக்கையறைகள் கொண்ட ஓர் அடுக்குமாடி வீட்டில் வேறு மூன்று பெண்களுடன் தங்கியிருக்கிறாள். நால்வருக்கும் தனித்தனி வாடகை ஒப்பந்தம். படுக்கையறை அவரவருடையது, சமையலறையும் வரவேற்பறையும் பொது.

சென்ற வாரம் காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது, ரிமோட்டைத் தேடிச் சோபாவுக்குப் பக்கத்து மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். உணவுக்கடையில் கொடுத்த சாஸ் பொட்டலங்கள், தீர்ந்துபோன பேட்டரிகள், ஒரு கத்தரிக்கோல், இவற்றுக்கு நடுவே கறுப்பு நிறத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. நான் பதறிக் கேட்டதற்கு, "அது அவளுடையதம்மா, எங்கள் எல்லாருக்கும் தெரியும்" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

துப்பாக்கிக்கு உரியவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, 23 வயதுப் பெண்; மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கிறார். நல்ல பிள்ளை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது காரில் அழைத்துச் சென்று மருந்து வாங்கிக் கொடுத்தது அவர்தான். தான் இல்லாத இரவில் யாராவது கதவை உடைத்து நுழைந்தால் மற்ற மூவருக்கும் பயன்படட்டும் என்றுதான் அதைப் பொது இழுப்பறையில் வைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் சுடுதளத்துக்கு அழைத்துப்போய்ச் சுடவும் கற்றுத்தருகிறேன் என்றும் கூறியிருக்கிறார்.

கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே கொண்டுவர முடியாத சிங்கப்பூரில் வாழும் எனக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் கணவர் உடனே திரும்பி வரச் சொல்கிறார். வீட்டு உரிமையாளரிடம் புகார் செய்யலாமா? அல்லது நட்பு கெடாமல், அதைப் பூட்டி வைக்கும்படி கேட்க வழி உண்டா?

ஜூரோங் திரும்பி

அக்கா, நான் ஹியூஸ்டனில் 6 ஆண்டுகள் படித்தும் வேலை பார்த்தும் திரும்பியவன். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த இழுப்பறையைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டிய முதன்மையான காரணம் வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மகள் எப்-1 மாணவர் விசாவில் இருக்கிறார் என்று எண்ணுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி, குடியேறும் நோக்கமில்லாத விசாவில் வந்திருப்பவர், சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ தம்வசம் வைத்திருப்பதே குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்ந்துவிட்டது. டெக்சஸ் மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது கூட்டரசுச் சட்டம். அங்கே உடன் வசிக்கும் அமெரிக்கருக்கு உள்ள உரிமை நம் பிள்ளைக்குக் கிடையாது.

"வைத்திருத்தல்" என்பதற்கு அங்குள்ள நீதிமன்றங்கள் தரும் பொருள், கையில் பிடித்திருப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் எண்ணமும் ஒருவருக்கு இருந்தால், அதுவும் வைத்திருத்தலாகக் கருதப்படலாம். ஒரே வீட்டில் வசிப்பதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்பது உண்மைதான். ஆனால், "ஆபத்து வந்தால் நீயும் எடுத்துக்கொள்" என்று சொல்லிப் பொது இழுப்பறையில் வைத்த துப்பாக்கிக்கும், உரியவரின் அறையில், உரியவருக்கு மட்டுமே எண் தெரிந்த பெட்டகத்துக்குள் இருக்கும் துப்பாக்கிக்கும் சட்டத்தின் முன் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. அந்தப் பெண் நல்லெண்ணத்தில் செய்த உபகாரம்தான் உங்கள் மகளுக்கு வினையாகக்கூடியது.

ஆகவே பூட்டினால் மட்டும் போதாது. பூட்டின் எண்ணோ சாவியோ உங்கள் மகளிடம் இருக்கவே கூடாது. அவசரத்துக்கு உதவும் என்று தோழி சொல்ல வந்தாலும் கேட்டுக்கொள்ளக் கூடாது.

சுடுதள அழைப்பையும் அன்போடு மறுத்துவிடச் சொல்லுங்கள். வாடகைத் துப்பாக்கியைச் சற்று நேரம் கையில் எடுத்தாலும் அது வைத்திருத்தலாகலாம். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து புளோரிடாவுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு மாணவர் தகுதியை இழந்தபின் சுடுதளத்தில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். 2019-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குக் காரணம், சட்டப்படி நாட்டில் தங்கும் தகுதி தமக்கில்லை என்பதை அவர் அறிந்திருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்பதே தவிர, சுடுதளம் விலக்கு என்பதன்று. வேட்டை உரிமம் வாங்கினால் போதும் என்று யாராவது உங்கள் மகளுக்குச் சொல்லக்கூடும். அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது மெய்தான். படிக்கப் போன பிள்ளை அந்த வழியில் இறங்க வேண்டிய தேவை என்ன என்பதுதான் என் கேள்வி. ஐயம் இருந்தால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

உரிமையாளரிடம் புகார் செய்வதால் பயனில்லை. 2019-இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, 2020 ஜனவரி முதல் எழுதப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தங்களில், குடியிருப்பவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதை வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி விடுவது அங்கே குற்றம். பெரியவர்கள் மட்டுமே வசிக்கும் வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று மாசசூசெட்சைப் போலக் கட்டாயம் இல்லை. எனவே கட்டளையிட உங்களுக்குச் சட்டத்தில் பிடி இல்லை, வாய்ப்பேச்சுதான் வழி. அதற்கு இந்த விசா விவரம் நல்ல துணை. "நீ கவனக்குறைவாக இருக்கிறாய்" என்று குற்றம் சொல்ல வேண்டியதில்லை, "என் விசாவுக்கு இது ஆபத்து, உன் அறையில் பூட்டி வைக்க முடியுமா?" என்று கேட்டால் எந்த நண்பரும் முகம் சுளிக்கமாட்டார்.

புக்கிட் பாத்தோக் மாமா

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வயது வந்த பெண் பிள்ளை, தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறாள் என்றால், முன்பணம் போனால் போகட்டும் என்று வேறு வீடு மாற்ற வேண்டியதுதான். விடுதியில் எப்படியாவது இடம் கேளுங்கள். என் மகளாக இருந்தால் அன்றைக்கே விமானச் சீட்டு எடுத்திருப்பேன்.

ஜூரோங் திரும்பி

மாமா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மாறிப் போகும் அடுத்த வீட்டில் துப்பாக்கி இராது என்று யார் உறுதி கூற முடியும்? இங்கே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே தெரியாமலே இருக்கலாம். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழக வளாகங்களிலும், உரிமம் பெற்றவர்கள் 2016 ஆகஸ்டு முதல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். முதலில் கேட்டுப் பார்க்கட்டும், தோழி மறுத்தால் அப்போது வீடு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய ஆர்ம்ஸ்கோட் ஆள்

கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையின்போது இரண்டு ஆண்டுகள் ஆர்ம்ஸ்கோட்டில், அதாவது முகாமின் ஆயுதக் கிடங்கில், வேலை பார்த்தவன் நான். பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கே சேவையாற்றிய எவருக்கும் அந்தச் சடங்கு மறந்திராது: சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, தோட்டாவோ வெற்றுக்கூடோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவராக உரக்க உறுதி சொல்ல வேண்டும். ஒருமுறை எண்ணிக்கையில் ஒரே ஒரு வெற்றுக்கூடு குறைந்துவிட்டது. விரல்நுனி அளவுள்ள அந்தப் பித்தளைத் துண்டுக்காக, இருட்டும் வரை நாங்கள் நாற்பது பேர் மண்டியிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தோம். கடைசியில் அது ஒருவனுடைய காலணிக்கும் காலுறைக்கும் நடுவிலிருந்து கிடைத்தது. அப்போது எல்லாரும் திட்டினோம். இந்த இழுப்பறைக் கதையைப் படித்தபோது அந்தப் புல்தரைதான் நினைவுக்கு வந்தது.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பவர்கள் ஏராளம். ஏற்கெனவே குழலுக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மேகசினைக் கழற்றியபின், துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குழலின் பின்வாயைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தால்தான் உறுதி. இதைச் செய்ய வேண்டியவர் உரியவர் மட்டுமே. உங்கள் மகள் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம்.

பூட்டில் இரண்டு வகை பற்றிச் சொல்லலாம். ஒன்று கம்பிப் பூட்டு. ஸ்லைடு பின்னால் நிற்கும்போது, வெற்றுக்கூடு தெறிக்கும் வாய் வழியாகக் கம்பியை நுழைத்து, மேகசின் குழி வழியாக வெளியே இழுத்துப் பூட்டுவார்கள்; கம்பி உள்ளே இருக்கும்வரை ஸ்லைடு மூடாது, சுட முடியாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது ஏதாவதொரு பூட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2005-இல் சட்டம் வந்துவிட்டது. ஆகவே கடையில் வாங்கியதென்றால், பிரிக்காத உறையோடு ஒரு பூட்டு அந்தப் பெண்ணின் அலமாரியிலேயே கிடக்கலாம். ஆனால், தற்காப்புக்கு வைத்திருப்பவர் இதற்கு இலேசில் சம்மதிக்கமாட்டார், ஏனெனில் அவசரத்துக்கு எடுக்க முடியாது. கட்டிலின் சட்டத்தோடு எஃகுக் கம்பியால் பிணைத்து வைக்கும் சிறு பெட்டகம் அவருக்கு ஏற்றது. பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் சில நொடிகளில் திறக்கும். அவர் வீட்டில் இருக்கும்போது அவருக்குக் கைக்கெட்டும், இல்லாதபோது யாருக்கும் எட்டாது.

இன்னொன்றையும் நினைவூட்டச் சொல்லுங்கள். வாடகை வீட்டின் வரவேற்பறைக்கு நண்பர்கள் வருவார்கள், ஏர்கான் பழுதுபார்ப்பவர் வருவார், பிறந்தநாளுக்கு முன்பின் தெரியாத பத்துப் பேர் வருவார்கள். ஒருநாள் இழுப்பறை வெறுமையாக இருந்தால், அவர் பெயரில் வாங்கிய துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. இந்த ஒரு காரணமே அவரைச் சம்மதிக்க வைக்கும்.

டிசம்பரில் மகள் ஊருக்கு வருவதாக இருந்தால், அந்தத் தோழியின் பையைக் கடன் வாங்க வேண்டாம். பையின் அடித்தையலில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு வந்தால், சாங்கி விமான நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம். நம் ஆயுதக் குற்றச் சட்டத்தில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருப்பதற்கும் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, ஆனால் சிறை சிறைதான்.

வார்டு 7

செவிலியராக ஒரு வார்த்தை. திருடனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அந்த வீட்டில் தேர்வு அழுத்தத்திலும் இரவு வேலைக் களைப்பிலும் வீட்டு நினைவிலும் நான்கு இளம்பெண்கள் இருக்கிறார்கள். மோசமான ஓர் இரவு பெரும்பாலும் கடந்துபோய்விடும். அது கடக்கும்வரை துப்பாக்கி கைக்கெட்டாமல் இருப்பதுதான் பூட்டின் பெரிய பயன். இந்தக் காரணத்தையும் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள் அக்கா, மறைக்க வேண்டாம். அங்கே மனநெருக்கடி உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம் என்பதையும் நால்வரும் தெரிந்துவைத்திருக்கட்டும்.

செங்காங் அம்மா

பதிலளித்த அனைவருக்கும் மிக்க நன்றி. விசா பற்றிய விவரம் எனக்கும் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. அந்தத் தோழிக்கும் தெரியவில்லை என்பதுதான் வியப்பு. ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சேர்ந்து சமைக்கும் நாளில், மகள் பேசியிருக்கிறாள். "உன்னைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தேனா!" என்று கேட்டு அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அன்று மாலையே துப்பாக்கி அவருடைய அறைக்குப் போய்விட்டது. மூன்று நாளில் பெட்டகமும் வந்தது. எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. கடையில் தந்த கம்பிப் பூட்டு, ஆர்ம்ஸ்கோட் ஐயா சொன்னதுபோல், உறை பிரிக்காமல் காலணிப் பெட்டிக்குள் கிடந்ததாம். சுடுதளத்துக்குப் பதிலாக இருவரும் பௌலிங் போகிறார்கள்.

புக்கிட் பாத்தோக் மாமா சொன்னதை என் கணவர் இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். இன்னமும் அவருக்கு முழு மனநிறைவு இல்லை. நேற்றுக் காணொளியில் மகளை அந்த இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னார். ரிமோட்டும் சாஸ் பொட்டலங்களும் இருந்தன. பிறகு அந்தப் பேட்டரிகளை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று கேட்டார்.