வால்யூம் ஓஐ-யைத் தாண்டினாலே புது பொசிஷனா?

ஏழுமணிசந்தை:
ஒரு வாட்ஸப் குழுவில் வந்தது: "வால்யூம் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டைத் தாண்டிட்டா பெரிய கை புதுசா வாங்குதுன்னு அர்த்தம், கண்ணை மூடிட்டு பின்னாடி போங்க." எரிச்சலாக இருக்கிறது. வால்யூம் என்பது அன்றைக்குக் கைமாறிய கான்ட்ராக்ட் எண்ணிக்கை. ஓப்பன் இன்ட்ரஸ்ட் (ஓஐ) என்பது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் கான்ட்ராக்ட் எண்ணிக்கை. அமெரிக்க ஆப்ஷனில் ஓஐ பகலில் மாறாது. ஓசிசி (ஆப்ஷன் வர்த்தகங்களைத் தீர்க்கும் நிறுவனம்) கணக்கை முடித்து மறுநாள் காலையில்தான் புது எண் வரும். திரையில் இருப்பது நேற்றையது. ஓஐ 2,000, வால்யூம் 9,000 என்று வையுங்கள். 1,500 கான்ட்ராக்டை மூன்று தடவை வாங்கி விற்றாலே 9,000 ஆகிவிடும். மறுநாள் ஓஐ அசையாமலே இருக்கலாம்.

மதுரைவீரன்77:
ஒரே அடியில 9,000 விழுந்தா? இருக்கிறதே 2,000. அதுக்கு மேல யாரும் குளோஸ் பண்ண முடியாது. மிச்சம் 7,000 புதுசுதானே? கழித்தல் கணக்குதான் நண்பரே.

ஏழுமணிசந்தை:
"ஒரே அடி" என்பது நீங்கள் சேர்த்தது. அந்தச் செய்தியில் வால்யூம் என்றுதான் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு முன்னால் வேறு வர்த்தகம் இல்லாமல் ஒரே பிரிண்ட்டாக (ஒரே வர்த்தகமாக) விழுந்தால் குறைந்தது 7,000 புதுசு, சரி. வாங்கியவருடையதா, விற்றவருடையதா? ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் இரண்டு பக்கம் உண்டு.

கல்லாப்பெட்டி:
ஆஸ்க் விலையில (விற்கிறவர் கேட்கிற விலை) போயிருந்தா வாங்கினதுதான் சார். இதுக்கு எதுக்கு இவ்வளவு?

ஏழுமணிசந்தை:
ஆஸ்க் மட்டும் போதாது. அதே நொடியில் வேறு ஸ்ட்ரைக்கில் (ஆப்ஷனில் குறித்த விலை) அதே அளவு விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்பிரெட்டின் (இரண்டு ஆப்ஷனைச் சேர்த்துச் செய்யும் வர்த்தகம்) ஒரு பாதி. அடுத்து பங்கைப் பாருங்கள். 0.30 டெல்டா (பங்கு 1 அசைந்தால் ஆப்ஷன் 0.30 அசையும்) உள்ள 10,000 கால் ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கும் உரிமை, ஒன்றுக்கு 100 பங்கு) வாங்கியவர் அதே நேரத்தில் 3 லட்சம் பங்கை விற்றிருந்தால், விலை ஏறும் என்று அவர் பந்தயம் கட்டவில்லை. வொலட்டிலிட்டியை (எந்தப் பக்கமானாலும் விலை அசையும் அளவை) வாங்கியிருக்கிறார். டிவிடெண்ட் எக்ஸ்-டேட்டுக்கு (அன்று முதல் பங்கு வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) முந்தின நாள் டீப் இன்-த-மணி (ஸ்ட்ரைக் சந்தை விலைக்கு வெகு கீழே உள்ள) கால்களில் வால்யூம் கொட்டும். அது விற்ற கால்களில் யாரும் எக்சர்சைஸ் செய்யாமல் (உரிமையைப் பயன்படுத்தாமல்) விட்டவற்றின் டிவிடெண்டுக்காக நடக்கும் சுழற்சி. ஜேபி மார்கன் ஹெட்ஜ்டு ஈக்விட்டி ஃபண்ட் காலாண்டின் கடைசி நாளில் எஸ்பிஎக்ஸில் (எஸ்&பி 500 குறியீட்டு ஆப்ஷன்) கால் ஆப்ஷனை விற்று, 5% கீழே புட் (குறித்த விலையில் விற்கும் உரிமை) வாங்கி, 20% கீழே புட் விற்கும். நாள் குறித்து நடக்கும் ரோல் (பழையதை முடித்துப் புதியதை எடுப்பது) அது. அதைத்தான் "ராட்சத புட்" என்று பரப்புகிறார்கள்.

மதுரைவீரன்77:
இவ்வளவு எழுதினீங்க, 9,000-ல 2,000 போனா 7,000 இல்லைன்னு சொல்லவே இல்லையே. போன மாசம் விக்ஸ் (சந்தை ஏற்ற இறக்கக் குறியீடு) இழையிலயும் இப்படித்தான் கேள்வியை விட்டுட்டு கட்டுரை எழுதினீங்க.

தமிழ்க்கணக்கன்:
"ஓஐ" என்று எழுதுவதை நிறுத்துங்கள். நிலுவை ஒப்பந்தம் என்றால் புரியாதா?

கல்லாப்பெட்டி:
புரோக்கர் ஆப்ல அப்படியா இருக்கு? அங்க தேடினா கிடைக்காத பேரை வச்சு என்ன பண்றது?

தமிழ்க்கணக்கன்:
ஆப்பில் இல்லை என்பதற்காகத் தமிழில் பெயரே இருக்கக் கூடாதா?

மதுரைவீரன்77:
நிஃப்டியில ஓஐ பகல்லயே மாறுது. ஓசிசி கதை இங்க செல்லாது.

ஏழுமணிசந்தை:
இங்கே இன்னும் மோசம். 17 ஜனவரி 2024 பேங்க் நிஃப்டி பற்றி சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஜூலை 2025 இடைக்கால ஆணையைப் படியுங்கள். அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் காலையில் பங்கும் ஃபியூச்சரும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கியது, ஆப்ஷனில் அதைவிடப் பல மடங்கு எதிர்ப்பக்கம் (விலை இறங்கும் என்று) நின்றது என்கிறது செபி. நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. காலையில் அந்த வாங்கலைப் பார்த்துப் பின்னால் போனவர் எந்தப் பக்கம் மாட்டியிருப்பார்?

மதுரைவீரன்77:
அது எக்ஸ்பைரி நாள் (ஆப்ஷன் காலாவதியாகிற நாள்). நான் கேட்டது ஒரே பிரிண்ட். 7,000 புதுசா, இல்லையா?

ஏழுமணிசந்தை:
புதுசு என்று மேலேயே எழுதிவிட்டேன். யார் பக்கம் என்றுதான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மதுரைவீரன்77:
அப்போ வால்யூம் ஓஐ-யைத் தாண்டினா புதுசுன்னு ஒத்துக்கிட்டீங்க.

ஏழுமணிசந்தை:
இல்லை. மறுபடி முதல் பதிவிலிருந்து படியுங்கள்.